கேசட் பெட்டி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்குச் சங்கரன்கோவில். ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே 38 கேசட்டுகள். 1986 முதல் 1992 வரை, ஒன்பதாம் வகுப்பில் தொடங்கிக் கல்லூரி முடிக்கும்வரை சேர்த்தவை. அப்போது நான் கடைக்குப் போக முடியாது. பாட்டு லிஸ்ட் எழுதி அண்ணனிடம் கொடுப்பேன். அவன் சைக்கிளில் போய் மியூசிக்கல்ஸ் கடையில் பதியக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்து வாங்கி வருவான். ஒவ்வொரு கேசட்டிலும் கடைசி இரண்டு பாட்டு மட்டும் அவன் சேர்த்ததாக இருக்கும்.

பக்கத்து வீட்டில் பழைய டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டி) ஒன்றை இரவல் வாங்கி, அட்டையில் ‘வீடு’ என்று எழுதியிருந்த கேசட்டை முதலில் போட்டேன். அதில் எங்கள் ஆச்சி பேசியது இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட ஓடவில்லை, நாடாவை இழுத்துச் சுற்றிக்கொண்டது. எடுக்கும்போது அறுந்துவிட்டது. அதோடு பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

இதைச் சரிசெய்ய முடியுமா? மற்றவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வழி என்ன? என் மகன், “எல்லாப் பாட்டும் போன்லயே இருக்கேம்மா, எதுக்கு இதைச் சுமந்துகிட்டு இருக்கே” என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்ணன் மண்பானையில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுவான். அந்தக் ‘கும்’மென்ற சத்தம் இன்று காசு கொடுத்து வாங்கும் ஸ்பீக்கரில் வரவில்லையே, ஏன்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த இரவல் டூ-இன்-ஒன்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீதி 37 கேசட்டில் ஒன்றைக்கூட அதில் போட வேண்டாம். நாடா சிக்கியது கேசட்டின் குற்றமில்லை. ஒரு மெல்லிய இரும்புக் கம்பியும் அதை அழுத்திக்கொண்டு சுழலும் ரப்பர் உருளையும் சேர்ந்துதான் நாடாவை நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் இழுக்கின்றன. அப்படி இழுத்துத் தருவதை வலப்பக்கச் சக்கரம் உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கரத்தை ஓட்டும் பெல்ட் பல வருஷம் சும்மா கிடந்து தொய்ந்திருக்கும், அல்லது தார் போல உருகியிருக்கும். சக்கரம் நிற்கிறது, கம்பியும் உருளையும் நிற்காமல் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. போக இடமில்லாத நாடா உருளையிலேயே சுற்றிக்கொள்கிறது. ரப்பர் கெட்டிப்பட்டுப் பளபளப்பாகியிருந்தாலும், அழுக்கேறிப் பிசுபிசுத்தாலும் இதே கதிதான். எந்தக் கேசட்டைப் போட்டாலும் அந்த எந்திரம் தின்னும்.

அறுந்ததை ஒட்டலாம். ஆனால் ‘வீடு’ கேசட்டைக் கடைசியாகத் தொடுங்கள். பெட்டியில் உங்களுக்கு அதிகம் ஒட்டுதல் இல்லாத ஒன்றை எடுத்து, வேண்டுமென்றே வெட்டி, இரண்டு மூன்று முறை ஒட்டிப் பழகிய பிறகு அதற்கு வாருங்கள். இப்போதைக்கு அதை ஒரு காகித உறையில் போட்டுத் தனியாக வைத்தால் போதும். வெளியே தொங்கும் நாடாவைப் பென்சிலால் சுற்றி உள்ளே அனுப்ப வேண்டாம். கசங்கிய நாடா உள்ளே போய் மடிந்தால் மடிப்பு நிலைத்துவிடும்.

ஒட்டும் முறை இது. கேசட்டின் வாய் வழியாக வெளியே பார்க்கும் பக்கத்தில்தான் காந்தப் பூச்சு இருக்கிறது, ஒலி அதில்தான் இருக்கிறது. உள்ளே பார்க்கும் பக்கம் வெறும் பிளாஸ்டிக். ஒட்டு அந்த உள்பக்கத்தில்தான் விழ வேண்டும். அறுந்த இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, புது பிளேடால் 45 டிகிரி சாய்வாக ஒரே வெட்டாக வெட்டுங்கள். அப்போது இரு முனைகளும் இடைவெளியில்லாமல் பொருந்தும். நேர்வெட்டு வெட்டினால், நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஒட்டு கடக்கும்போது ‘டொக்’கென்று கேட்கும், சாய்வு வெட்டில் அது கரைந்துவிடும். முனைகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒட்டி வைத்து, ஸ்ப்ளைசிங் டேப் என்றே விற்கும் நாடாவில் ஒன்றரை சென்டிமீட்டர் போல வெட்டி ஒட்டி, நகத்தால் தேயுங்கள். கேசட் நாடாவின் அகலம் 3.8 மில்லிமீட்டர்தான். ஒட்டு அதைத் தாண்டி ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் சிக்கும். அந்தக் காலத்தில் எல்லாரும் செலோ டேப் போட்டுத்தான் ஒட்டினார்கள், இப்போது அதைச் செய்யாதீர்கள். நம் ஊர் வெயிலில் செலோ டேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். பழைய கேசட்டுகளில் முன்பே அப்படி ஒட்டிய இடங்கள் இருந்தால் அவற்றையும் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும்.

ஒட்டுவதற்கு முன் நாடா முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கோடு ஒட்டிவிட்டால், ஏ பக்கத்தை ஓட்டும்போது அந்த இடத்திலிருந்து பி பக்கத்தில் பதிந்தது பின்னிருந்து முன்னாக, கம்பளியால் மூடியதுபோல மங்கலாகக் கேட்கும். பலர் அதைக் கேட்டுவிட்டுக் கேசட்டே கெட்டுப்போனதாக நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள்.

கசங்கிய பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிடாதீர்கள். பத்து சென்டிமீட்டர் நாடா என்பது இரண்டு நொடிப் பேச்சு. ஆச்சியின் இரண்டு மூன்று சொற்கள் அதில் இருக்கும். சுத்தமான கண்ணாடிமேல் வைத்து, பூச்சில் விரல் படாமல், பஞ்சுத் துணியால் மெல்ல நீவி, ஒட்டிச் சுற்றிய பின் ஒரு வாரம் அப்படியே விடுங்கள். சுற்றின் இறுக்கத்திலேயே சுருக்கம் ஓரளவு படியும். அந்த இடத்தில் ஒலி லேசாக அலையும், ஆனால் சொல் போகாது.

இனி உங்கள் மகனின் கேள்வி. அதற்கு நேர்மையான பதில் உண்டு. பாட்டுகள் போனில் இருக்கின்றன, உங்கள் கேசட் போனில் இல்லை. 38 கேசட்டிலிருந்தும் பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டி எடுத்து ஒரு கோப்பில் போட்டால், இருப்பதிலேயே மோசமான ஒலித்தரத்தில் சில நூறு சினிமாப் பாட்டுகள் உங்களிடம் இருக்கும், அவ்வளவுதான். அதைச் செய்யாதீர்கள். பக்கம் பக்கமாக எடுங்கள். ஏ பக்கம் முப்பது நிமிடமும் ஒரே கோப்பு, பி பக்கம் முப்பது நிமிடமும் ஒரே கோப்பு, நடுவில் எதையும் வெட்டாமல்.

ஏனென்றால் அந்தப் பக்கத்தை ஒருவர் உட்கார்ந்து செய்திருக்கிறார். உங்கள் அண்ணன் போனது போன்ற ரெக்கார்டிங் சென்டர் என்றால் பெரும்பாலும் இசைத்தட்டை ஓட்டும் ஒரு டர்ன்டேபிள், ஒரு ஆம்ப்ளிஃபயர், கேசட்டில் பதியவும் ஓட்டவும் ஒன்றோ இரண்டோ டெக், சுவர் நிறைய ரெக்கார்டு, படப்பெயரை அகர வரிசையில் எழுதிய ஒரு நீள நோட்டு. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டிய பிறகும் ஊருக்கு ஊர் இந்தக் கடைகள் நடந்தன. நீங்கள் கொடுத்த லிஸ்டை அப்படியே வரிசையாகப் பதிய முடியாது. 60 நிமிடக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஒரு சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு பாட்டுக்கு 27 நிமிடம் போய்விடும். மீதி மூன்று நிமிடத்தை என்ன செய்வது என்பதுதான் பதிகிறவரின் முழுக் கவலையும். தொழில் தெரிந்தவர் ரெக்கார்டு உறையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, பாட்டுகளை ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் மாற்றிப் போட்டு, கடைசிப் பாட்டு முழுசாக முடியும்படி கணக்குப் பண்ணுவார். அப்படியும் மிஞ்சினால் ஏதாவது வாத்திய இசையைப் போட்டு நிரப்புவார். கணக்குப் பார்க்காத கடை என்றால் சரணத்தின் நடுவில் ‘டக்’கென்று நாடா தீர்ந்துவிடும். பாதியில் அறுந்த அந்தப் பாட்டின் மீதியை எத்தனை பேர் பல வருஷம் வாயாலேயே பாடி முடித்திருப்பார்கள்.

ஆகவே உங்கள் கேசட்டில் உள்ள வரிசை மூன்று பேர் சேர்ந்து போட்டது. நீங்கள் எழுதியது, கடைக்காரர் நேரத்துக்காக மாற்றியது, அண்ணன் கடைசியில் சேர்த்தது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்து எது வரும் என்று இன்றும் உங்கள் காது எதிர்பார்க்கும். அது படத்திலோ ரேடியோவிலோ இருந்த வரிசை அல்ல. அந்த மூன்று நொடி இடைவெளியோடு சேர்த்து அது உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது.

இன்னும் பல இருக்கும், கவனித்துக் கேளுங்கள். இடைவெளியில் ‘டிக்… டிக்’கென்று ஊசி கீறல் கேட்டால் கடிகாரம் வைத்துப் பாருங்கள். 1.8 நொடிக்கு ஒருமுறை கேட்டால் அது நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி ஓடும் எல்பி இசைத்தட்டிலிருந்து எடுத்தது. 1.3 நொடிக்கு ஒருமுறை என்றால் 45 சுழற்சி ஓடும் சின்ன இபி தட்டு. கீறலே இல்லாமல் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும் தூக்கலாக இருந்தால் அது வேறொரு கேசட்டிலிருந்து எடுத்த நகல். நகலின் நகல் ஆக ஆக இரைச்சல் ஏறும், ஜால்ராவும் தபலாவின் கூர்மையும் மங்கும். இரட்டை டெக்கில் நேரம் மிச்சம் பிடிக்க இரண்டு மடங்கு வேகத்தில் நகலெடுத்திருந்தால் இன்னும் மங்கும். சில கடைகள் தொடக்கத்தில் கடைப்பெயரைச் சொல்லிப் பதிந்தன. அது இருந்தால் பொக்கிஷம். அந்தக் கடை இன்று செல்போன் கடையாகியிருக்கும்.

வீட்டில் ரேடியோவிலிருந்து பதிந்தவை கட்டாயம் இருக்கும். அப்போது தென்மாவட்டங்களில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் போலக் கேட்கும். ரெக்கார்டு பட்டனையும், நாடாவை நிறுத்தி வைக்கும் பாஸ் பட்டனையும் அழுத்தி வைத்துக்கொண்டு, அறிவிப்பாளர் பேச்சை முடித்ததும் பாஸை விட வேண்டும். சற்று முந்தினால் அவருடைய கடைசிச் சொல் விழும், பிந்தினால் பல்லவியின் முதல் எழுத்து போய்விடும். உங்கள் கேசட்டில் அப்படி விழுந்த ஒவ்வொரு அரைச் சொல்லும் வீட்டில் யாரோ ஒருவர் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்த இடம். இதையெல்லாம் வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தால் எதை வைத்துக்கொள்ளப் போகிறோம்?

சரி, வேலைக்கு வருவோம்.

பெட்டியை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு கேசட்டையும் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பாருங்கள். சுற்றிய நாடாவின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டுகளைத் தனியாகப் பிரித்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு வளைந்துவிடும். பூஞ்சை உள்ளதை அப்படியே ஓடவிட்டால் டெக் முழுக்கப் பரவி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் போகும். காய்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் திருகாணி உள்ள கேசட் என்றால் திறப்பது எளிது. திருகாணி இல்லாமல் உருக்கி ஒட்டிய ஓடுகளை விளிம்பில் கத்தியால் நெம்பித்தான் பிளக்க முடியும். பிளந்தால் அந்த ஓடு திரும்பப் பயன்படாது. உள்ளிருக்கும் இரு சுருளையும் திருகாணி உள்ள வேறு கேசட் ஓட்டுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றும்போது நாடாவின் இருபுறமும் உள்ள மெல்லிய வழவழப்புத் தாள்களையும், மூலைகளில் உள்ள சின்ன உருளைகளையும் விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் மூடினால் கீச்சிடும், அல்லது சுற்றாமல் நின்றுவிடும்.

அடுத்து, கேசட்டின் வாய் நடுவில் செம்பு நிறப் பட்டையில் ஒட்டிய சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தி வைப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் பாட்டு தூரத்தில் கேட்பதுபோல ஏறி இறங்கும். உதவாத கேசட் ஒன்றிலிருந்து பட்டையோடு கழற்றி மாற்றிவிடலாம்.

பிறகு முதுகுப்பக்கத்து மூலைகளில் உள்ள சிறு பிளாஸ்டிக் தடுப்புகள். இருந்தால் இரண்டையும் இப்போதே உடைத்துவிடுங்கள். கேட்கப்போன இடத்தில் கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தி அழிந்துபோன கேசட்டுகளுக்குக் கணக்கில்லை. ஏ பக்கம் உங்களைப் பார்க்க, வாய் கீழே இருக்கப் பிடித்தால் இடது மூலையில் இருப்பது ஏ பக்கத்துக்கானது.

கடைசியாக, ஓட்டுவதற்கு முன் ஒருமுறை முழுக்க முன்னே சுற்றி, முழுக்கப் பின்னே சுற்ற வேண்டும். முப்பது வருஷமாக ஒரே நிலையில் இருந்த சுற்றுகள் ஒன்றோடொன்று இறுகியிருக்கும். முதல் சில சுற்றைப் பென்சிலால் சுற்றிப் பாருங்கள், ஆறு பக்கப் பென்சில் சக்கரத்தின் ஆறு பல்லிலும் சரியாகப் பிடிக்கும். கனமாக இருந்தால் கேசட்டை உள்ளங்கையில் தட்டையாக இரண்டு தட்டு தட்டுங்கள். ஏறி இறங்கி நிற்கும் சுற்றுகள் சமமாகும். பஸ் டிரைவர்கள் தொடையில் தட்டிவிட்டுப் போடுவார்களே, அது இதற்காகத்தான்.

எதில் ஓட்டுவது? ‘கேசட்டை எம்பி3 ஆக்கும்’ என்று விற்கும் சின்னப் பெட்டிகளை நம்ப வேண்டாம். அவற்றின் மோட்டார் வேகம் நிலையாக இருக்காது. நீளமான சுரங்கள் அலைபாயும், வயலின் இழுப்பில் உடனே தெரியும். பழைய நல்ல டெக் ஒன்றை வாங்கி, பெல்ட்டும் ரப்பர் உருளையும் மாற்றி சர்வீஸ் செய்வதே சரி. சென்னையில் ரிச்சி தெருப் பக்கம் விசாரிக்கலாம். உங்கள் ஊரிலேயே ரேடியோ ரிப்பேர் செய்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் போவது இன்னும் நல்லது. டெக் வந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் கம்பியையும் துடையுங்கள். ஐந்து கேசட்டுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும், பழைய நாடா பழுப்புப் பொடியை உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் மிக முக்கியமானதும் பெரும்பாலோர் விட்டுவிடுவதும் ஹெட் அலைன்மென்ட். ஹெட்டின் நடுவில் உள்ள மெல்லிய பிளவு நாடாவுக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு கடை டெக்கிலும் அது கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பதிந்த சாய்விலேயே கேட்டால்தான் மேல் சுரங்கள் முழுசாக வரும். ஒரு கடையில் பதிந்த கேசட் அந்தக் கடையில் கணீரென்றும் வீட்டில் மந்தமாகவும் கேட்டது இதனால்தான். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதன் இப்போதைய நிலையை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே காந்தமேறாத சின்ன ஸ்குரூடிரைவரால் மிக மெல்ல, ஒரு கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். ஒலியை மோனோவில் (இரு ஸ்பீக்கர் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்து) வைத்துக் கேட்டால் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஜால்ரா எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். உங்கள் 38 கேசட்டும் ஒரே கடையில் பதிந்தவை என்றால் ஒருமுறை வைத்தால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும். டூ-இன்-ஒன்னில் பதிந்தவற்றுக்கு மட்டும் மறுபடி திருப்ப வேண்டிவரும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்தே வையுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பி போட்டுக் கேட்டால் மேல் சுரம் செத்துவிடும்.

டெக்கின் பின்னால் ஒலி வெளிவரும் லைன் அவுட்டிலிருந்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி வழியாகக் கம்ப்யூட்டருக்கு எடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் சொருகினால் ஒலி உடையும், அது பெரும்பாலும் மோனோவாகவும் இருக்கும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மீட்டரின் உச்சம் -6 டெசிபெல்லைத் தொட்டு இறங்கும்படி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முழுவதையும் ஓடவிடுங்கள். இந்த அளவில் ஒரு மணி நேரக் கேசட் சுமார் 1 ஜிபி வரும், 38க்கும் சேர்த்து 40 ஜிபி. குறுக்குவழி இல்லை, ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். கோப்புக்கு ‘07-ஏ’, ‘07-பி’ என்று பெயர் வைத்து, கேசட்டிலும் அதே எண்ணை ஒட்டி, அட்டையின் இரு பக்கத்தையும் போனில் படமெடுத்துச் சேருங்கள். அந்தக் கையெழுத்தும் கேசட்டின் பகுதிதான். இரண்டு வெவ்வேறு இடங்களில் நகல் வையுங்கள், ஒன்று மகனிடம் இருக்கட்டும்.

பேட்டரி தீரும் நேரத்தில் பதிந்த கேசட் என்றால் பாட்டு இப்போது வேகமாக ஓடும், குரல் கீச்சென்று இருக்கும். அன்று நாடா மெதுவாக நகர்ந்தது, இன்று சரியான வேகத்தில் ஓடுகிறது, அதனால்தான். அசல் 4 நிமிடம் 30 நொடி உள்ள பாட்டு 4 நிமிடம் 16 நொடியில் முடிகிறது என்றால் ஏறத்தாழ 5 சதவீதம் வேகம் குறைக்க வேண்டும். ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அதை நகலில் செய்யுங்கள், முதலில் எடுத்த கோப்பைத் தொடாதீர்கள்.

பானைக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் செய்தது கேலிக்குரிய வேலையே இல்லை. வெறும் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. தாழ்ந்த சுரங்களில் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். பானை வாயில் கவிழ்த்தால் பின்பக்க அலை உள்ளேயே அடைபடுகிறது. உள்ளிருக்கும் காற்றும் ஒரு குறிப்பிட்ட சுரத்தில் சேர்ந்து அதிரும். சுட்ட மண் விறைப்பானது, பலகைப் பெட்டி போல நடுங்காது. வளைந்த சுவர் என்பதால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதிக் குழம்புவதும் குறைவு. நீங்கள் ஞாபகம் வைத்திருக்கும் ‘கும்’ அந்தப் பானைக்கே உரிய ஒரு சுரம். எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த ஒரு சுரம் தூக்கலாக வரும். இன்றைய ஸ்பீக்கர்கள் எல்லாச் சுரத்தையும் சமமாகத் தர முயல்கின்றன, அதனால் அது வராது.

வேண்டுமென்றால் மறுபடி செய்யலாம். 8 அங்குல ஸ்பீக்கருக்கு அதைவிட ஓர் அங்குலம் குறைவான வாய் உள்ள, 10 முதல் 15 லிட்டர் பிடிக்கும் பானை எடுங்கள். தட்டினால் ‘டங்’கென்று மணி போல ஒலிக்க வேண்டும், ‘பொத்’தென்றால் விரிசல் இருக்கிறது. வாய்க்கும் ஸ்பீக்கர் விளிம்புக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டால் காற்றும் கசியாது, கடகடவென்ற சத்தமும் வராது. ஒயருக்காகப் பானையில் துளையிடப் போய் உடைந்தவையே அதிகம், டியூபுக்கு அடியிலேயே ஒயரை வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி பஞ்சு. அடியில் பிரிமணை கட்டாயம், தரையில் நேராக வைத்தால் பானை ஆடும்.

இரண்டு பானை வைத்தவர்கள் பெரும்பாலும் செய்த தவறு ஒன்றுண்டு. ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸை மாற்றி இணைத்துவிடுவார்கள். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், இரண்டு பானை இருந்தும் ‘கும்’ காணாமல் போகும். பானையையும் ஆம்ப்ளிஃபயரையும் திட்டிப் பயனில்லை. 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு கணம் தொட்டால் கூம்பு எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று தெரியும். இரண்டும் ஒரே பக்கம் துள்ளும்படி மாற்றினால் சரியாகிவிடும். அந்த நாளின் 4440 ஐசி ஆம்ப்ளிஃபயர் போர்டு இன்றும் விற்கிறது. 12 வோல்ட் சப்ளை, சூட்டை இழுக்க நல்ல கனமான ஹீட் சிங்க், ‘ம்ம்’மென்ற கரன்ட் சத்தம் வராமலிருக்க 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். இவ்வளவு இருந்தால் போதும்.

இதெல்லாம் முடிந்து, கை பழகிய பிறகு ‘வீடு’ கேசட்டை எடுங்கள். ஒட்டி, ஒரு வாரம் வைத்து, சர்வீஸ் செய்த டெக்கில் ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தையே பதிந்துவிடுங்கள். ‘ஒருமுறை கேட்டுவிட்டு அப்புறம் பதியலாம்’ என்று வைத்தால் அந்த ஒருமுறையில் மறுபடி அறுபடலாம்.

டூ-இன்-ஒன்னில் உள்ள மைக் தானாகவே ஒலியளவை ஏற்றி இறக்கும் வகை. யாராவது பேசினால் இறங்கும், பேச்சு நின்றால் இரண்டு மூன்று நொடியில் தானே ஏறி, கிடைத்த சத்தத்தையெல்லாம் பிடிக்கும். ஆகவே ஆச்சி பேச்சை நிறுத்தி யோசிக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரைச்சல் பொங்கி வரும். அந்த இரைச்சலுக்குள் உங்கள் வீடு இருக்கிறது. காற்றாடிச் சத்தம், தெருவில் யாரோ கூப்பிடுவது, வாளி வைக்கும் ஓசை, பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் மூச்சு விடுவதுகூட. பழைய பாட்டுக் கேசட்டின்மேல் பதிந்திருந்தால் சரியாக அழியாத அந்தப் பாட்டு மிக மெல்லிசாக அடியில் ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். மென்பொருளில் ‘நாய்ஸ் ரிடக்ஷன்’ என்று ஒரு கட்டளை இருக்கும், கை அதற்குத்தான் முதலில் போகும். ஆச்சியின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டுமென்றால் ஒரு நகலில் போட்டுக்கொள்ளுங்கள். அசல் கோப்பில் போடாதீர்கள்.

அன்புடன்.